ஸ்கேன் என்றால் எந்த ஸ்கேன்?

என் மனைவியின் தங்கைக்கு 58 வயது. பழவேற்காடு ஏரியில் குனிந்து, கையால் தடவி இறால் பிடித்தே பிள்ளைகளை ஆளாக்கியவள். அடிவயிறு உப்பியதை ஆறு மாதம் வாய்வு என்றே மறைத்துவிட்டாள்.

பொன்னேரியில் வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் எடுத்தோம். அதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். பஸ்ஸில் அடக்கிக்கொண்டு வந்த அவஸ்தையை இன்றும் சொல்வாள். சினைப்பையில் கட்டி. மாதவிடாய் நின்றவள் என்பதால் உள்வழி ஸ்கேனும், தெளியாவிட்டால் எம்.ஆர்.ஐ.யும் வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"அதான் ஸ்கேன் எடுத்தாச்சே மாமா, இன்னொண்ணு எதுக்கு?" என்று மறுத்துவிட்டாள். உண்மைக் காரணம் வெட்கம். என் மனைவிதான் கண்டுபிடித்தாள்.

'ஸ்கேன்' என்ற அந்தச் சொல்லும் ஒரு குற்றவாளி. நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். அங்கே ஒலியால் பார்ப்பது 'எக்கோகிராஃபி'; 'ஸ்கானேர்' என்றால் சி.டி.; எம்.ஆர்.ஐ.க்கு 'இ.எர்.எம்.' என்று வேறு பெயர். நமக்கோ எல்லாமே ஸ்கேன்.

அவளுக்குப் புரியும்படி சொன்னேன். "படகைக் கழி ஊன்றித் தள்ளும்போது கீழே சேறா, கிளிஞ்சலா என்று கை சொல்லும் இல்லையா? ஒலியும் அப்படித்தான், பட்டுத் திரும்பி வந்து சொல்லும். வெறும் நீர் என்றால் படத்தில் கறுப்பு. உள்ளே சதைபோல் ஏதாவது இருந்தால், அதில் ரத்தம் ஓடினால், யோசிக்க வேண்டும். உள்வழியில் கருவி கட்டிக்குப் பக்கத்திலேயே போவதால் இன்னும் தெளிவு. அதற்குச் சிறுநீர் அடக்கவும் வேண்டாம்." கடைசி வாக்கியத்துக்குத்தான் சிரித்தாள்.

கிளாஸ்கோ டாக்டர் இயன் டொனால்டு கதையையும் சொன்னேன். கப்பல் பட்டறைகளில் உலோகத்தில் விரிசல் தேடும் கருவியை மனித வயிற்றில் வைத்துப் பார்த்தவர். வயிற்றுப் புற்றுநோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அது பெரிய சினைப்பைக் கட்டி என்று கண்டார். அறுவை சிகிச்சையில் எடுத்தார்கள், பிழைத்தாள். 1958இல் 'லான்செட்' இதழில் எழுதினார்.

மறுவாரம் போனாள். உள்வழி ஸ்கேன் பத்து நிமிடத்தில் முடிந்தது. பெண் டாக்டர்தான் எடுத்தார். உள்ளே சிறு சதைப்பகுதி தெரிந்ததால் எம்.ஆர்.ஐ. நோய் வயிற்றில் எங்காவது பரவியிருக்கிறதா என்று பார்க்கவேண்டி வந்தால்தான் சி.டி. என்றார்கள். ஊசி போட்டு நீரை உறிஞ்சிப் பார்க்கலாமே என்று நான் கேட்டதற்கு டாக்டரம்மா முறைத்தார். கெட்ட கட்டியாக இருந்தால் அது உள்ளே சிந்திப் பரவிவிடுமாம்.

காந்த அறை வாசலில் தாலியைக் கழற்றமாட்டேன் என்று அடம். என் மனைவி மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டை முடிந்து கழுத்தில் கட்டி உள்ளே அனுப்பினாள்.

கட்டியை எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகே சாதாரணக் கட்டி என்று உறுதியானது. ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. வந்த அன்று அவள் கேட்டது ஒன்றுதான்: "ஏரிக்கு எப்ப இறங்கலாம் மாமா?"