சேற்றுக் குமிழியும் வைரமும்

அந்தமானில் வைரச் சுரங்கம் இல்லை. ஆயினும் வைரத்தைப் பற்றி என்னை மிகுதியாகச் சிந்திக்க வைத்த இடம் அங்குள்ள பாராதாங் தீவு. தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையில் உள்ள அத்தீவின் சேற்று எரிமலையில் சாம்பல் நிறக் குழம்பு மெல்லக் கொப்பளிக்கிறது. குமிழி உடையும்போது வெளியேறும் வாயுவில் பெரும்பங்கு மீத்தேன்.

மீத்தேனில் ஒரு கார்பன் அணுவைச் சுற்றி, நான்முகியின் நான்கு முனைகளிலும் ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. பிணைப்புக் கோணம் 109.5 பாகை. வைரத்திலும் அதே நான்முகி, அதே கோணம். ஹைட்ரஜன் இருந்த இடங்களில் கார்பன் அணுக்கள்.

வைரம் ஏன் கடினமானது என்ற தேர்வு வினாவுக்கு, "வலிமையான சகப்பிணைப்பு" என்று எழுதி மதிப்பெண் பெறுகிறோம். எண்களோ வேறு கதை சொல்கின்றன. மீத்தேனின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை முறிக்கச் சராசரியாக மோலுக்கு 415 கிலோஜூல் தேவை. வைரத்தின் கார்பன்–கார்பன் பிணைப்புக்கு ஏறத்தாழ 355 போதும். இருந்தும் மீத்தேன் மைனஸ் 161 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. கிராஃபைட்டின் தளத்துக்குள் பிணைப்பு நீளம் 1.42 ஆங்ஸ்ட்ராம், வைரத்தில் 1.54. குறுகிய, வலிய பிணைப்புடைய கிராஃபைட்தான் பென்சில் முனையிலிருந்து காகிதத்தில் உதிர்கிறது.

ஆகவே, பிணைப்பின் வலிமையோடு அது எங்கே முடிகிறது என்பதையும் கேட்க வேண்டும். மீத்தேனில் அது நான்கு ஹைட்ரஜனோடு முடிகிறது. மூலக்கூறுகளுக்கிடையே மெல்லிய ஈர்ப்பே உண்டு. கிராஃபைட்டில் தளத்தைத் தாண்டுவதில்லை. வைரத்திலோ முப்பரிமாணத்திலும் படிகத்தின் புறப்பரப்பு வரை தொடர்கிறது. அழுத்தினால் வழுக்கிச் செல்ல அடுக்குகள் இல்லை. இணைதிறன் எலக்ட்ரான்கள் நான்கும் பிணைப்புகளில் கட்டுண்டிருப்பதால் தூய வைரம் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. இலேசான அணுக்கள் விறைப்பாகக் கோக்கப்பட்டிருப்பதால் அதிர்வுகள் விரைந்து பரவுகின்றன. வெப்பக் கடத்தலில் அது செம்பைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு திறனுடையது.

இதே கட்டமைப்பு வைரத்தின் பலவீனத்தையும் விளக்குகிறது. எண்முகியின் முகங்களுக்கு இணையான தளங்களுக்கிடையே ஓரலகுப் பரப்பில் குறைவான பிணைப்புகளே உள்ளன. அத்திசையில் தட்டினால் வைரமும் பிளக்கும்.

வகுப்பெடுக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வைரத்தையும் கிராஃபைட்டையும் ஒப்பிடும் அட்டவணையில் மீத்தேனுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். "பிணைப்பு வலியது என்றால் மீத்தேன் ஏன் வாயுவாக இருக்கிறது?" என்று ஒரு மாணவி எழுந்து கேட்கக்கூடும். பாடத்திட்டம் முடியாமல் போனாலும் அன்றைய வகுப்பை அந்தக் கேள்விக்கே கொடுத்துவிடுங்கள்.