கார்ப்பெட் விரிக்கும் முன்

திருத்தணியிலிருந்து ஆந்திர எல்லைக்குப் போகும் வழியில் ஒரு காலனி. அங்கே சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். சிமென்ட் தரை அங்கங்கே குழி விழுந்து பெயர்ந்து கிடந்தது. போன ஏப்ரல் 14க்கு முன்னால் நண்பர்கள் சிலர் காசு போட்டு ஒரு கார்ப்பெட் சுருள் வாங்கிக் கொடுத்தார்கள். விழாவுக்குள் விரித்து, படம் எடுத்து அவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்கு அவசரம்.

காலனியிலேயே இருக்கும் கொத்தனார் பெரியவர் ஒருவர்தான் தடுத்தார். சுத்தியல் காம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் கெட்டியாகச் சத்தம் வந்தது. சில இடத்தில் வெறும் பானையைத் தட்டினாற்போல் வந்தது.

"கீழ ஒண்ணுமே இல்ல தம்பி. கார்ப்பெட் போட்டா குழி கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோதான். புள்ளைங்க கால் வெச்சா உள்ள எறங்கும். ஈரம் போக வழியில்லாம அதுவும் நாறிப்பூடும்" என்றார்.

சத்தம் மாறிய இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு உடைத்தோம். ஜல்லி பேருக்குத்தான் இருந்தது. அடியில் எலி வளை, திமிசு போடாத ஏரி மண். ஊருக்கு மேடு, நமக்கு ஏரியோரப் பள்ளம். அந்தப் பள்ளத்தையும் ஒழுங்காக நிரப்பவில்லை.

தளர்ந்த மண்ணை வாரிவிட்டு, கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தோம். ஈரம் ஏறாமலிருக்கத் தடித்த பாலித்தீன் தாள், அதன்மேல் 1:4:8 கணக்கில் ஜல்லி கான்கிரீட், அதற்கும் மேலே பூச்சு. பழைய தரையின் விளிம்பைக் கொத்திச் சிமென்ட் பால் ஊற்றிய பிறகுதான் பெரியவர் பூசினார். இல்லையென்றால் பழசோடு புதுசு ஒட்டாதாம். பாத்தி கட்டி 7 நாள் தண்ணீர் நிறுத்தினோம். ஒரு மாதம் காயவிட்டு, ஒரு பிளாஸ்டிக் தாளின் நாலு ஓரத்தையும் தரையில் ஒட்டி மறுநாள் பிரித்துப் பார்த்தோம். அடியில் வியர்த்திருந்தது. இன்னும் பத்து நாள் பொறுத்தோம். அண்ணல் பிறந்தநாளை அந்த வருடம் தெருவில்தான் கொண்டாடினோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் நானே ஒரு கார்ப்பெட் விரித்தவன். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் பையன்கள் எடுத்த காவடியை ஊர்த் தெருவில் வரவிடாமல் அடித்தார்கள். வழக்குப் பதிவதற்குப் பதில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். டீ கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். ஊர் அமைதியாக இருக்கட்டும் என்று நானும் கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஆடியில் அதே தெருவில் ஒரு பையனின் மண்டை உடைந்தது. அவன் அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பு வரைவை அவையில் முன்வைத்துப் பேசிய அண்ணல், இந்த நாட்டின் மண் அடிப்படையில் ஜனநாயகமற்றது, ஜனநாயகம் அதன்மேல் இட்ட ஒரு மேற்பூச்சுதான் என்ற பொருளில் எச்சரித்தார். படித்திருந்தும், கையெழுத்துப் போட்ட அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

தம்பி தங்கைகளே, நாளை உங்களையும் அப்படி ஒரு கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். போவதற்கு முன் புகாரை எழுத்தில் கொடுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்த்த 18ஏ பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியர் இச்சட்டக் கடமையை வேண்டுமென்றே செய்யாவிட்டால் 4ஆம் பிரிவில் தண்டனை உண்டு. வழக்கு எண் கைக்கு வந்த பிறகு சமாதானம் பேசலாம். அமைதி நமக்கும் வேண்டியதுதான்.

கார்ப்பெட் இப்போது விரித்தாகிவிட்டது. பிள்ளைகள் அதில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். பெரியவர் மட்டும் எப்போது வந்தாலும் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.

ஜெய்பீம்.