பீப்பாயில் இருக்கும்போதே விலை பேசும் ஊர்

கரோன் நதி பொர்தோ நகரத்தை அடைந்ததும் பிறைச்சந்திரனைப் போல் வளைந்து திரும்புகிறது. அதனால் இவ்வூருக்குச் ‘சந்திரத் துறைமுகம்’ என்பது பழைய பெயர். 2007ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. ஆற்றங்கரையில் அணிவகுத்து நிற்கும் கல் மாளிகைகளைக் கண்டவர்கள் அந்தக் கௌரவம் தகும் என்றே சொல்வார்கள். ஆயினும் 2023 ஏப்ரலில் நாங்கள் அங்கே சென்றது மாளிகை பார்ப்பதற்காக அன்று. புதுச்சேரியில் பிறந்து, பிரான்சிலேயே உத்தியோகமும் இல்லறமும் அமைத்துக்கொண்ட நண்பர் ஒருவர், முந்திய ஆண்டு பிறந்த தம் பெண் குழந்தைக்காக ஒரு பெட்டி மது வாங்க எண்ணியிருப்பதாகவும், தோட்டம் பார்க்க உடன் வர வேண்டுமென்றும் அழைத்திருந்தார்.

குழந்தைக்கு மதுவா என்று வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். நாங்களும் முதலில் திடுக்கிட்டவர்களே. பிள்ளை பிறந்த ஆண்டில் விளைந்த திராட்சையின் மதுவை வாங்கிவைத்து, அப்பிள்ளை வயது வந்தபின் திறப்பது அந்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் உள்ள வழக்கம். நண்பரின் மனைவியார் பிரெஞ்சுப் பெண்மணி. அவருடைய விருப்பம் அது. புதுச்சேரியிலுள்ள நண்பரின் தாயாரோ, “பேத்தி பிறந்ததற்கு ஒரு பவுன் வாங்கத் தோன்றவில்லையா உனக்கு?” என்று தொலைபேசியிலேயே கேட்டுவிட்டாராம்.

நகரிலிருந்து வடக்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர் சென்றால் பொய்யாக் என்னும் சிற்றூர் வருகிறது. வழி நெடுகிலும் இடுப்பளவு உயரமே உள்ள திராட்சைக் கொடிகள், கோடு போட்டாற்போல் நிற்கின்றன. மண் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை, எல்லாம் கூழாங்கல். நம் உழவர் பார்த்தால் இந்நிலத்தில் என்ன விளையும் என்று கைவிரித்துவிடுவார். ஆனால் மழைநீர் தேங்காமல் வடிவதும், பகலில் ஏறிய சூட்டைக் கல் இரவிலும் வைத்துக்கொள்வதுமே கபர்னே சோவிஞோன் என்ற திராட்சைக்கு வேண்டியவை. ஆற்றைப் பார்த்து நிற்கும் கொடியே நல்ல கொடி என்பது அவ்வூரார் வாக்கு.

நண்பருக்குப் பழக்கமான மது வியாபாரி ஒருவரின் தயவால் ஒரு தோட்டத்தின் நிலவறைக்குள் எங்களை அனுமதித்தார்கள். குளிர்ந்த இருட்டில் ஓக் மரப் பீப்பாய்கள் வரிசை வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் 225 லிட்டர் கொள்ளும்; பாட்டில் கணக்கில் முந்நூறு. செப்டம்பரில் பறித்த பழத்தின் சாறு பொங்கி அடங்கி, குளிர்காலத்தில் இப்பீப்பாய்களில் புகுகிறது. பிறகு ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை அங்கேயே வாசம். சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மண்டியை விட்டுத் தெளிவை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றுகிறார்கள். கடைசியில் முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றித் தெளிய வைப்பதும் உண்டு. சைவர்களான எங்களுக்கு இது புதிய செய்தி.

விந்தை என்னவென்றால், மது இன்னும் பீப்பாயில் கிடக்கும் அந்த ஏப்ரல் மாதத்திலேயே உலகெங்கிலுமிருந்து வியாபாரிகளும் விமர்சகர்களும் வந்து குவிகிறார்கள். ஆறு மாதக் குழந்தையைப் பார்த்து, இது கலெக்டர் ஆகுமா என்று சொல்வது போன்ற வேலை. நாங்கள் அருந்துபவர்கள் அல்லர். நண்பர் ஒரு வாய் சுவைத்து உமிழ்ந்தார். பல்லும் நாவும் நாவற்பழம் தின்றவை போல் கறுத்துவிட்டன. “துவர்ப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை” என்று எங்கள் காதோடு சொன்னார்.

பின்னர் மே, ஜூன் மாதங்களில் தோட்டக்காரர்கள் விலையை வெளியிடுகிறார்கள். தோட்டக்காரர் நேரே நம்மிடம் விற்பதில்லை. நடுவே தரகர், அவருக்கு இரண்டு சதவீதம். தரகர் வழியாக மொத்த வியாபாரி, அவரிடமிருந்து சில்லறை வியாபாரி, பிறகே நாம். 1855இல் பாரிஸ் பொருட்காட்சிக்காகத் தோட்டங்களை ஐந்து படிகளாக வகுத்துப் பட்டியலிட்டவர்களும் இத்தரகர்களே. அளவுகோல் அன்றைய சந்தை விலை. அப்பட்டியல் இன்றும் ஆட்சி செய்கிறது. 1973இல் மூத்தோன் ரோத்ஷில்டை இரண்டாம் படியிலிருந்து முதற்படிக்கு உயர்த்தியதே நினைவில் நிற்கும் மாற்றம்.

பணத்தை முழுவதும் இன்று கொடுத்துவிட்டு, சரக்கை இரண்டு ஆண்டு கழித்துப் பெறுவது இம்முறை. மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகை எடுப்பவர் நம் நாட்டிலும் உண்டு; ஆனால் அவருக்கு மரமாவது கண்முன் நிற்கும். இங்கே கையில் இருப்பது ரசீது ஒன்றுதான். 1982 விளைச்சலை இப்படி வாங்கியவர்கள் கொழித்தார்கள். அதை ஆரம்பத்திலேயே புகழ்ந்த அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கரின் பெயரும் உலகறிந்ததாயிற்று. 1972 விளைச்சலோ மட்டம். விலை மட்டும் உச்சம். மறு ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்ததும் சந்தை சரிந்து வாங்கியவர்கள் தவித்தார்கள். மோசடியும் உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஒரு வியாபாரி, தாம் வாங்காத மதுவையெல்லாம் முன்கூட்டி விற்றுப் பணம் பெற்று, 2016இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். இத்தனைக்கும் நடுவே லத்தூர் தோட்டம், 2011 விளைச்சலோடு இவ்வகை விற்பனையையே நிறுத்திவிட்டது. பக்குவமானபின் விற்பதே முறை என்பது அவர்கள் கட்சி. எங்களுக்கும் அதுவே சரியென்று பட்டது.

நண்பரிடம் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மாமனாரின் கதையைக் கூறினார். மகள் பிறந்த ஆண்டின் மதுவுக்காக அப்பெரியவரும் ஒரு கடையில் பணம் கட்டியிருந்தார். சரக்கு வரும் முன்பே கடை திவாலாயிற்று. அவர் நிலவறையில் ஒரு தட்டைக் காலியாகவே வைத்திருந்து, அப்படியே காலமுமாகிவிட்டார். “இது என் மனைவி கேட்ட மது அல்ல, அவள் அப்பாவுக்கு வராமற்போன மது” என்றார் நண்பர். அதற்குமேல் நாங்கள் விவாதிக்கவில்லை. பல ஆண்டுகள் நிலைத்த கடைதானா, ரசீதில் தோட்டத்தின் பெயரும் ஆண்டும் பாட்டில் எண்ணிக்கையும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும்படி மட்டும் சொல்லிவிட்டு ஊர் திரும்பினோம்.

ஜூன் மாதத்தில் அவர் பன்னிரண்டு பாட்டிலுக்கு ஐந்நூறு யூரோவுக்குச் சற்று அதிகமாகக் கட்டினார். 2024 வசந்தத்தில் அடுத்த ஆண்டின் விளைச்சலுக்குப் பெரிய தோட்டங்கள் சில முப்பது சதவீதத்துக்கு மேல் விலை குறைத்தன. ஓராண்டு பொறுத்திருந்தால் மலிவாகக் கிடைத்திருக்கும். ஆனால் ஓராண்டு பொறுத்தால் அது குழந்தை பிறந்த ஆண்டின் மது ஆகாதே!

2025 இலையுதிர் காலத்தில் நண்பரின் கடிதம் வந்தது. மரப்பெட்டி பழுதின்றி வந்துவிட்டது. அவர்களுடைய அடுக்குமாடி வீடு கோடையில் சூடேறுமாதலால், மாமியார் வீட்டு நிலவறையில் அந்தக் காலித் தட்டைத் துடைத்து அதிலேயே வைத்திருக்கிறார்கள். 2040இல் திறப்பதாக உத்தேசம். புதுச்சேரிப் பாட்டி யார் கையிலோ கொடுத்தனுப்பிய ஒரு பவுன் காசு அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே வந்து சேர்ந்துவிட்டதாம்.