பசைத் துப்பாக்கியும் ஆடிக் காற்றும்

கொஞ்சம் நீளமான பதிவு. சோபா, மெத்தை, செருப்பு வேலை செய்பவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் கீரனூரில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் சோபா வேலை செய்கிறான். பையன் என்கிறேன், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வீட்டின் முன்னறைதான் பட்டறை. பிளைவுட்டில் ஃபோம் ஒட்ட, டின்னில் வரும் மஞ்சள் சொல்யூஷனைத்தான் வருடக்கணக்காகப் பூசி வந்தான். மனைவியும் கூட நின்று வேலை செய்வாள். சாயங்காலம் ஆனால் இருவருக்கும் தலைவலி, கிறுகிறுப்பு. அவர்கள் மகள் அதே அறையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள்.

அது வெறும் வாடை அல்ல. ரப்பரைக் கரைத்து வைத்திருக்கும் டொலுயீன் போன்ற கரைப்பான் ஆவியாகி நம் மூச்சில் கலக்கிறது. பக்கத்தில் தீக்குச்சி உரசினால் பற்றிக்கொள்ளும். 1960களில் ஜப்பானில், வீட்டிலிருந்தே செருப்பு ஒட்டிய தொழிலாளர்கள் பலருக்குக் கைகால் மரத்து நடை தளர்ந்தது. பசையில் இருந்த ஹெக்சேன் என்ற கரைப்பான் நரம்புகளைக் கெடுத்ததுதான் காரணம்.

இதற்கு ஒரு மாற்று, சூடான பசையைத் தெளிக்கும் துப்பாக்கி. பள்ளியில் கைவினைக்கு வைத்திருப்போமே குளூ கன், அதற்கு அண்ணன் என்று சொல்லலாம். பசைக் குச்சியை 180 டிகிரி அளவுக்குச் சூடாக்கி உருக்கும். கம்ப்ரசர் காற்று அதை மெல்லிய இழைகளாகச் சிதறடித்துத் தெளிக்கும். ஆறினால் பிடித்துக்கொள்ளும். கரைப்பானே கிடையாது.

மனைவியின் நகையை அடகு வைத்து அதை வாங்கினான். இரண்டே வாரத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மெஷின் சரியில்ல டீச்சர். பசை கட்டி கட்டியா விழுது. ஒட்டுன ஃபோம் உரிஞ்சு வருது. விற்ற கடையில போனை எடுக்க மாட்டேங்கிறாங்க. பேசாம டின்னுக்கே போயிடலாம்னு இருக்கேன்."

கூடவே வந்த ஆங்கிலப் புத்தகத்தையும் நீட்டினான். அதைப் பிரிக்கும் முன் ஒன்று கேட்டேன்.

"எப்பவுமே இப்படித்தானாப்பா?"

"இல்ல டீச்சர். காலையில நல்லாத்தான் வருது. பதினோரு மணிக்கு மேலதான் மோசம்."

பாதி விடை அதிலேயே இருந்தது. மெஷினுக்கு மணி பார்க்கத் தெரியாது. அப்படியானால் பதினோரு மணிக்கு மேல் அந்த அறையில் என்ன மாறுகிறது? ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை.

சமையல் முடித்து அவன் மனைவி ஸ்டேப்ளர் கன்னை எடுக்கும் நேரம் அது. இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே சின்ன கம்ப்ரசர். அவள் அடிக்கும்போதெல்லாம் காற்றழுத்தம் இறங்கி, பசை சிதறாமல் கட்டியாக விழுந்திருக்கிறது. ஸ்டேப்ளரை நிறுத்தியதும் கட்டி நின்றது. ஆனாலும் ஃபோம் உரிந்தது.

அது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவன் வாசல் மேற்குப் பார்த்தது. தெளித்த பசை பலகையைத் தொடும் முன்பே ஆறிப்போயிருக்கிறது! மேற்கே ஒரு பிளைவுட் மறைப்பு வைத்து, ஜன்னலைத் திறந்து, துப்பாக்கியைக் கொஞ்சம் கிட்டே பிடித்ததும் ஃபோம் பிடித்துக்கொண்டது. இப்போது காலையில் ஒட்டும் வேலை, பிறகு ஸ்டேப்ளர் வேலை.

புத்தகத்தில் இருந்ததையும் நாங்கள் பார்த்ததையும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்கிறேன்:

1. முழுச் சூடு ஏறும்வரை விசையை அழுத்தாதீர்கள்.
2. நூல் நூலாக இழுத்தால் சூடு போதவில்லை. பசை பழுப்பாகிப் புகைந்தால் சூடு அதிகம்.
3. தெளித்த உடனே ஒட்டி அழுத்துங்கள். தூசியைத் துடைத்துவிட்டே ஆரம்பியுங்கள்.
4. சாப்பிடப் போகும்போது அணைத்துவிடுங்கள். சும்மா சூட்டிலேயே கிடந்தால் உள்ளே பசை கருகி நாசில் அடைக்கும்.
5. அடைப்பு எடுக்க, முதலில் மின்சாரத்தை நிறுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். வெதுவெதுப்பு இருக்கும்போதே, கையுறையோடு நாசிலைக் கழற்றிப் பித்தளை பிரஷ்ஷால் தேயுங்கள். ஊசியால் குத்தினால் துளை கெடும்.
6. வேறு வேறு வகைப் பசைக் குச்சிகளைக் கலக்காதீர்கள்.
7. கம்ப்ரசரில் தேங்கும் தண்ணீரைத் தினமும் வடியுங்கள்.

முக்கியமாக ஒன்று. கொதிக்கும் தண்ணீரே 100 டிகிரிதான். இது அதைவிட மோசமாகச் சுடும், தோலிலும் ஒட்டிக்கொள்ளும். பட்டுவிட்டால் பிய்த்து எடுக்காதீர்கள். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பற்பசை, பேனா மை எதுவும் வேண்டாம்.

அவன் டின்னை விட்டு மூன்று மாதம் ஆகிறது. தலைவலி இல்லை என்று அவன் மனைவி சொன்னாள். நகையை இன்னும் மீட்கவில்லை. தை மாதத்துக்குள் மீட்டுவிடுவார்கள் போலிருக்கிறது.

ஒரு கருவி மக்கர் செய்தால், கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் எப்போது கெடுகிறது என்று பாருங்கள். இந்தத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். நானும் தெரிந்துகொள்கிறேன்.