யானையைத் தடவிய நாலு பேர்

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறி 'ஒத்தக்கடை ஒண்ணு' என்று டிக்கெட் எடுத்தால், ஹைகோர்ட் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு யானை படுத்திருக்கும். யானைமலை. சமணர்கள் ஏவிய யானையைச் சொக்கநாதர் அம்பெய்து வீழ்த்த, அதுதான் கல்லாகிக் கிடக்கிறது என்பது மதுரைக்காரர்களின் கதை. அடிவாரத்தில் எட்டாம் நூற்றாண்டில் குடைந்த நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது. 'மலையைப் பற்றி ஒரு கட்டுரை கொடுங்களேன்' என்று ஆசிரியர் கேட்டதால்தான் ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். ஆனால் மலைக்குப் போகவில்லை. அந்தப் பக்கமே இருக்கிற ஒரு பார்வையற்றோர் பள்ளிக்குள் நுழைந்துவிட்டேன்.

அங்கே எனக்கு ஒரு பழைய பாக்கி இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். (பி.காம். படித்தவன் பாக்கியைக் கடைசியில்தான் காட்டுவான்.)

பள்ளியின் பெயரைப் போடாதீர்கள் என்று வார்டன் கேட்டுக்கொண்டார். "ஏன் சார், பப்ளிசிட்டி நல்லதுதானே?" என்றேன்.

"பேரைப் போட்டா பாயசம் வரும் சார்" என்றார் பயத்துடன்.

ஆபீஸ் ரூமில் ஒரு போர்டு. எந்தத் தேதிக்கு யார் சாப்பாடு என்று எழுதியிருக்கிறார்கள். பிறந்தநாள், கல்யாண நாள், தாத்தா திதி, மகனுக்கு விசா கிடைத்தது... மார்ச் வரைக்கும் ஹவுஸ்ஃபுல். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பிறந்தநாள் சேர்ந்து வந்துவிடுமாம். காலையில் கேசரி, மத்தியானம் பாயசம், சாயங்காலம் கேக். மூன்று வேளையும் ஹாப்பி பர்த்டே பாட்டு வேறு. "திங்கக்கிழமை ரசம் சாதம் போட்டாத்தான் பசங்க நிம்மதியாகறாங்க."

எனக்குச் சுற்றிக்காட்ட ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவனை அனுப்பினார். துளிக்கூடப் பார்வை கிடையாது. நான்கு வருஷமாக ஹாஸ்டல்வாசி. "வாங்கண்ணே" என்று கிளம்பினான் பாருங்கள், நான் ஓட வேண்டியதாயிற்று.

"இது வேப்பமரம், இங்க திரும்பணும். இது சமையக்கட்டு, இன்னிக்கு வெண்டைக்கா. முன்னாடி மூணு படி இருக்குண்ணே..."

போனில் வந்த மெசேஜைப் பார்த்துக்கொண்டே நடந்தவன் மூன்றாவது படியைத் தவறவிட்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன்.

"சொன்னேன்ல?" என்றான் பையன். கையைப் பிடித்துத் தூக்கிவிட்டதும் அவன்தான்.

ஜூன் மாதம் புதிதாக வரும் பொடியன் ஒவ்வொருவனையும் ஒரு பெரிய பையனிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். படி எத்தனை, குழாய் எங்கே, சுவரைப் பிடித்துப் போனால் எத்தனையாவது வாசல் பாத்ரூம் எல்லாம் அண்ணன்தான் சொல்லித்தர வேண்டும். முதல் வாரம் அழுகை. இரண்டாவது வாரம் பிடித்த கையை விட்டுவிட்டு ஓட்டம். அடுத்த வருஷம் அவனே ஒரு பொடியனுக்குக் கைடு. துவைத்த சட்டையில் எது யாருடையது என்று தெரிய, காலருக்குள் நூலால் முடிச்சுப் போட்டு வைக்கிறார்கள். ஒரு முடிச்சு உனக்கு, இரண்டு முடிச்சு எனக்கு. என் வீட்டில் லாண்டரி போட்ட சட்டை மாறிப்போனது ஞாபகம் வந்தது.

ஹாஸ்டலில் மகாபாவம் என்று இரண்டு உண்டு. நடைபாதையில் வாளியையோ செருப்பையோ விட்டுவிட்டுப் போவது ஒன்று. கதவைப் பாதி திறந்து வைப்பது இன்னொன்று. திறந்தால் முழுசாகத் திறந்து சுவரோடு சாத்த வேண்டும். இல்லை, மூடிவிட வேண்டும். பாதிக் கதவின் விளிம்பு நேராக நெற்றிக்கு வரும். அபராதம்: ஒரு வாரம் தட்டுக் கழுவுவது.

வகுப்புக்குள் நுழைந்தால் தகர ஷெட்டில் தூறல் விழுகிற மாதிரி டொக் டொக் டொக். இருபது பையன்கள் பிரெய்ல் எழுதுகிறார்கள். தடித்த காகிதத்தை ஸ்லேட் என்கிற சட்டத்தில் மாட்டி, ஊசி மாதிரி ஒரு குத்தூசியால் குத்திக்கொண்டே போகிறார்கள். அதுவும் வலமிருந்து இடமாக! குத்தின பள்ளம் பின்பக்கம் மேடாகிறது. காகிதத்தைத் திருப்பினால் இடமிருந்து வலமாக விரலால் படிக்கலாம். ஆக, எழுதும்போது ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட வேண்டும். எனக்கு ஒரு ஸ்லேட் கொடுத்தார்கள். என் பெயரைக் குத்தினேன். பக்கத்திலிருந்த ஏழாவது பையன் தடவிப் பார்த்துவிட்டு, "இது எந்த பாஷைண்ணே?" என்றான்.

மொத்தமே ஆறு புள்ளிதான். மூன்று மூன்றாக இரண்டு வரிசை. அதற்குள் 63 விதமாகப் புள்ளி வைக்கலாம். நம்முடைய 247 எழுத்தும் அதில் அடங்கிவிடுகிறது. எப்படி? மெய்யை ஒரு கட்டத்தில் போட்டு, அடுத்த கட்டத்தில் உயிரைப் போடுகிறார்கள். நாம் 'பெ' எழுதும்போது கொம்பை முன்னால் போட்டுவிட்டு அப்புறம் 'ப' போடுகிறோமே, அந்தக் குழப்பமெல்லாம் அங்கே கிடையாது. வாயில் வருகிற வரிசைதான் காகிதத்திலும். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951-ல் வந்த பாரதி பிரெய்ல் இது.

ஆறு புள்ளியைக் கொடுத்த லூயி பிரெய்ல் 1809-ல் பிரான்ஸில் பிறந்தவர். அப்பாவுக்குக் குதிரைச் சேணம் தைக்கிற தொழில். மூன்று வயதில் பட்டறையில் தோல் துளைக்கிற குத்தூசியை எடுத்து விளையாடப்போய், கண்ணில் பட்டுப் பார்வை போயிற்று. பார்பியே என்ற ராணுவ ஆசாமி பன்னிரண்டு புள்ளியில் ஒரு முறை வைத்திருந்தார். அதை ஆறாகச் சுருக்கி 1824-ல் ஒழுங்கு செய்தபோது லூயிக்கு வயசு பதினைந்து. அந்த வயதில் நான் மஞ்சள் காமாலை என்று பொய் சொல்லி லீவு போட்டுக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் சரித்திர வாத்தியார். அவருக்கும் பார்வையில்லை. இந்தியாவில் முதல் பள்ளி 1887-ல் அமிர்தசரஸில், பிறகு 1890-ல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் என்கிற ஆங்கிலேய அம்மையார் தொடங்கியது என்று வருஷத்தோடு கொட்டினார். ஸ்டாஃப் ரூம் ஜன்னலுக்கு வெளியே யானைமலை. எனக்கு நாக்கில் சனி.

"சார், தப்பா நினைக்காதீங்க... யானைமலை அடியில இந்த ஸ்கூல் இருக்கறதைப் பார்த்தா அந்தக் கதை ஞாபகம் வருது. நாலு பேர் யானையைத் தடவின கதை..."

நான் முடிக்குமுன் சிரித்துவிட்டார். "வர்றவங்க எல்லாருக்கும் வரும் சார். அந்தக் கதையை எழுதினவன் கண்ணு தெரிஞ்சவன். ஒருத்தன் தூண்ங்கறான், ஒருத்தன் முறம்ங்கறான், நாலு பேரும் அடிச்சிக்கறான். எங்க பசங்க நாலு பேரை விட்டுப் பாருங்க. நீ என்னத்தப் பிடிச்ச, நான் என்னத்தப் பிடிச்சேன்னு பேசிப் பேசி, அரை மணி நேரத்துல முழு யானையை முடிச்சிருப்பாங்க. பாகனுக்கு என்ன சம்பளம்னும் கேட்டிருப்பாங்க."

சாயங்காலம் கிரிக்கெட். பந்துக்குள் குண்டுமணி மாதிரி உலோகம் போட்டிருப்பதால் உருளும்போது சலசலக்கும். கையைக் கீழே வைத்துத்தான் பந்து வீச வேண்டும். பௌலர் "ரெடி?" என்று கேட்டு, பேட்ஸ்மேன் "எஸ்" சொன்ன பிறகு, "ப்ளே" என்று கத்திக்கொண்டே விடுகிறான். பதினோரு பேரில் நாலு பேராவது முழுப் பார்வையற்றவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் அடிக்கிற ஒவ்வொரு ரன்னும் இரண்டாகக் கணக்கு. 1998-ல் டெல்லியில் இதற்கு உலகக் கோப்பையே நடந்தது. 2012-ல் பெங்களூரில் நடந்த முதல் டி-20 உலகக் கோப்பையை நம்மவர்கள் பாகிஸ்தானைத் தோற்கடித்து வாங்கினார்கள். என் கண்ணைக் கட்டி பேட்டைக் கொடுத்தார்கள். மூன்று பந்து. மூன்றிலும் க்ளீன் போல்ட். பந்து காலுக்கு அடியில் போன பிறகுதான் சத்தமே எனக்குக் கேட்டது. "அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று எனக்காக வருத்தப்பட்டான் விக்கெட் கீப்பர்.

அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பௌண்டரி பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய பையன் தலையைத் திருப்பினான்.

"ஜூலை மாசம் சாம்பார் வாளி தூக்கிட்டு வந்த அண்ணன்தானே?"

பாக்கி வந்துவிட்டது.

போன ஜூலையில் என் நண்பன் அவன் பிறந்தநாளுக்கு இங்கே சாப்பாடு போட்டான். நான் பரிமாறப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் இந்தப் பையன் வந்து, "அண்ணே, நீங்க என்ன படிச்சீங்க?" என்றான். பெருமையாக பி.காம். என்றேன். அவன் ப்ளஸ் டூ, வணிகவியல் குரூப். "கணக்குப்பதிவியல்ல ஒரு பாடம் வாசிச்சுக் காட்டுவீங்களா?" என்று கேட்டான். வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "அடுத்த சனிக்கிழமை கண்டிப்பா வர்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை மழை. அதற்கடுத்த சனிக்கிழமை ஒரு கல்யாணம். அப்புறம் மறந்தே போனேன் என்று சொன்னால் பொய். ஞாபகம் வந்தது. வரும்போதெல்லாம் டி.வி.யைப் போட்டுக்கொண்டேன்.

"இன்னியோட இருபத்தெட்டாவது சனிக்கிழமைண்ணே" என்றான். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. கூட்டிப் பார்த்தால் வருகிற தொகையைச் சொல்கிற குரல். அதுதான் தாங்கவில்லை.

புத்தகத்தை எடுத்துவரச் சொன்னேன். கூடவே ஒரு நண்பனும் வந்தான். அவனுக்கு அரைகுறைப் பார்வை. மூக்கு காகிதத்தில் படுகிற தூரத்தில் வைத்தால் எழுத்து தெரியும். நாலு பக்கம் படிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் கொட்டிவிடும். அவன் வாசிப்பான், இவன் கணக்கைப் புரிந்துகொண்டு அவனுக்கு விளக்குவான். இப்படித்தான் பாதிப் புத்தகம் தாண்டியிருக்கிறார்கள். அவ்வப்போது ஒரு பஸ் கண்டக்டர் டூட்டி முடிந்து வந்து வாசிப்பாராம். "போன்ல கேட்க முடியாதா?" என்றேன். போனை எடுத்துக் காட்டினான். அது பேசிய வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கதைப் பாடம் என்றால் அந்த வேகத்தில் முடித்துவிடுவானாம். "கட்டம் போட்ட கணக்கு வந்தா மட்டும் உளறிருதுண்ணே. பற்று எது வரவு எதுன்னு தெரியாது."

பாடத்தின் பெயர் 'நற்பெயர்'. ஆங்கிலத்தில் குட்வில். ஒரு வியாபாரத்தின் நல்ல பேருக்கு ரூபாயில் மதிப்புப் போடுவது எப்படி என்கிற பாடம். எனக்கு இந்தப் பாடமே வந்து வாய்த்ததைப் பாருங்கள்.

"நற்பெயர் ஒரு புலனாகாச் சொத்து. அதாவது, கண்ணால பார்க்க முடியாத, தொட முடியாத சொத்து" என்று விளக்கினேன்.

"பார்க்க முடியாட்டி பரவாயில்லண்ணே. தொட முடியாதுங்கறதுதான் இடிக்குது" என்றான்.

கட்டக் கணக்கு வந்தது. கடகடவென்று எண்களை வாசித்தேன். "அப்பிடி இல்லண்ணே. தலைப்பைச் சொல்லுங்க, வருஷத்தைச் சொல்லுங்க, அப்புறம் தொகை" என்று நிறுத்தினான். மறுபடி தொடங்கினேன். ஐந்து வருஷ லாபம். சராசரி எடுத்து அதைப்போல் இரண்டு மடங்கு நற்பெயர். முதல் வருஷம் நாற்பதாயிரம், அடுத்து ஐம்பது, அறுபது, ஐம்பது... வாசித்து முடித்தேன். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

"விடை என்னண்ணே போட்டிருக்கு?"

"ஒரு லட்சத்து நாலாயிரம்."

இரண்டு விநாடி. "அப்போ கடைசி வருஷத்தை விட்டுட்டீங்க. அறுபதாயிரம் இருக்கணும், பாருங்க."

பார்த்தேன். கடைசி வரி. ரூ.60,000. பக்கம் மடங்கியிருந்ததில் தாவியிருக்கிறேன். அரைப் பார்வை நண்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

எட்டரை மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தபோது பாடத்தில் இரண்டு கணக்குதான் மிச்சம். நானும் பந்தியில் உட்கார்ந்தேன். நல்லவேளை, யாருக்கும் பிறந்தநாள் இல்லை. வெண்டைக்காய் சாம்பார். வாசல் வரை இருவரும் வந்தார்கள். வழக்கம்போல என் வாயில் 'அடுத்த சனிக்கிழமை' என்று வந்துவிட்டது. பாதியிலேயே விழுங்கினேன்.

"இன்னும் என்னென்ன பாடம் மிச்சம் தம்பி?"

"கூட்டாளி சேர்ப்பு கண்டக்டர் அண்ணன் முடிச்சிட்டாருண்ணே. அடுத்து கூட்டாளி விலகல்" என்றான். பிறகு, "பாடத்தோட பேருதாண்ணே அது. நீங்க பாட்டுக்கு நிஜமாவே விலகிறாதீங்க" என்றான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெளியே வந்து கேட்டை முழுசாக மூடினேன்.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். பையில் ஒரு பன்னிரண்டு அங்குல ஸ்கேல். வரி தாவாமல் இருக்க.