மொஹீனின் குதிரைகள்: ஒரு முதல் இசைத்தட்டின் முன்கதை

1977ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. தலைப்பு, 'ஷங்பிக்ன பாக்கிகுல் ஓ கொல்கத்தா பிஷயக்'. தமிழில் ஏறக்குறைய 'கலக்கமுற்ற பறவைக்குலமும் கல்கத்தா தொடர்பாகவும்' என்று வரும். காதல் பாடல்களுக்கும் திரைப்பாடல்களுக்கும் பழகிய கடைக்காரர் இதை எந்த அடுக்கில் வைத்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆய்வேட்டுத் தலைப்புகளோடு மல்லுக்கட்டுவோருக்கு மட்டும் அந்தத் தொனி உடனே பிடிபடும்.

வெளியிட்ட குழுவின் பெயர் மொஹீனேர் கோராகுலி. அதாவது, மொஹீனின் குதிரைகள். இந்திய ராக் இசையின் வரலாற்றை எழுதுவோர் பலரும் அதை 'முதல் வங்காள ராக் குழு' என்ற ஒற்றை வரியில் கடந்துவிடுகின்றனர். 'முதல்' என்ற பட்டம் ஐயத்திற்குரியது. அதே எழுபதுகளின் தொடக்கத்தில், விடுதலைப் போரில் ஆயுதம் ஏந்தித் திரும்பிய ஆசம் கான் டாக்காவில் வங்க மொழியில் ராக் பாடிக்கொண்டிருந்தார். யார் முந்தியவர் என்ற வழக்கைவிட, அந்த ஓசை எங்கிருந்து வந்தது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

குழுவின் மையமாக விளங்கியவர் கௌதம் சட்டோபாத்யாய். பிரசிடென்சி கல்லூரி மாணவர். அறுபதுகளின் இறுதியில் பார்க் ஸ்ட்ரீட்டின் டிரிங்காஸ் உணவகத்தில் ஆங்கிலோ இந்தியக் கலைஞர்களுடன் 'தி அர்ஜ்' என்ற குழுவில் கிட்டார் வாசித்தார். அங்கு ஒலித்தவை ஆங்கிலப் பாடல்கள். அந்தத் தெருவைத் தாண்டியதும் நகரம் ரவீந்திர சங்கீதத்திலும் ஹேமந்த முகர்ஜியின் குரலிலும் வாழ்ந்தது. இவ்விரு உலகங்களுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது: நக்சல்பாரி. கௌதம் அதில் ஈர்க்கப்பட்டார், கைதானார், சிறையிருந்தார். விடுதலைக்குப் பின் வங்கத்திலிருந்து விலகி ஜபல்பூரிலும் போபாலிலும் வாழ நேர்ந்தது. எழுபதுகளின் நடுவில்தான் தெற்குக் கல்கத்தாவின் நாக்தலா வீட்டிற்குத் திரும்பினார்.

அந்த வீட்டில்தான் எழுவர் கூடினர். தம்பியர் பிரதீப், பிஷ்வநாத். உறவினர் ரஞ்சன் கோஷால். நண்பர்கள் தாபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய், ஆபிரகாம் மஜும்தார். ஆபிரகாம் வயலினும் பியானோவும் வாசிப்பார். பிரதீப்பின் கையில் புல்லாங்குழலும் இருந்தது. மின்கிட்டார் மட்டுமே ராக் என்ற வரையறைக்குள் இந்த அணி அடங்காது. பாவுல் பாடகர்களின் நாடோடி மெட்டும் ஜாஸின் தாளமும் பார்க் ஸ்ட்ரீட்டின் கிட்டாரும் ஒரே அறையில் இடம் தேடின. தங்கள் இசையை அவர்கள் பாவுல் ஜாஸ் என்று சொல்லிக்கொண்டதில் பொருளுண்டு.

பெயர் எளிதில் அமையவில்லை. முதலில் 'சப்தரிஷி'; பிறகு 'தீரந்தாஜ்', வில்லாளி என்று பொருள். ஒரு கட்டத்தில் 'கௌதம் சட்டோபாத்யாய் பி.எஸ்ஸி. ஓ சம்ப்ரதாய்' என்றும் வைத்துக்கொண்டனர். நம் ஊர்ச் சுவரொட்டிகளில் பாகவதர் பெயருக்குப் பின் 'குழுவினர்' என்று வருமே, அதே பாணி. நடுவில் பட்டத்தைச் செருகியது கிண்டல். கடைசியில் ரஞ்சன் கோஷால் ஜீவனானந்த தாஸின் 'கோரா' கவிதையிலிருந்து ஒரு தொடரை எடுத்துத் தந்தார். கார்த்திகை மாத நிலவொளியில் மொஹீனின் குதிரைகள் புல் மேயும் காட்சி அக்கவிதையில் வருகிறது. அது இடம்பெற்ற தொகுப்பு 1948இல் வெளிவந்தது; தலைப்பு 'சாத்டி தாரார் திமிர்', ஏழு விண்மீன்களின் இருள். ஆக, கைவிட்ட சப்தரிஷி என்ற பெயர், தேர்ந்த பெயருக்கு உரிய நூலின் அட்டையிலேயே ஒளிந்திருந்தது. இதை எவரும் திட்டமிட்டிருக்க வாய்ப்பில்லை.

முதல் தட்டின் பாடல்களில் 'ஹாய் பாலோபாஷி' இன்றும் பாடப்படுகிறது. பிகாசோ, புனுவல், தாந்தே என்று நேசத்திற்குரியோரைப் பட்டியலிடும் பாடல் அது. டிலனும் பேத்தோவனும் ரவிசங்கரும் அலி அக்பரும் ஒரே மூச்சில் வருகின்றனர். படித்த நகர இளைஞரின் மேட்டிமை என்று இதை ஒதுக்கிவிடலாம், ஒதுக்கியோரும் உண்டு. ஆனால் அப்பட்டியலின் அடியில் ஓடும் சோர்வைக் காது தவறவிடக் கூடாது. நெருக்கடிநிலை முடிந்ததும் இடது முன்னணி ஆட்சிக்கு வந்ததும் அதே 1977இல்தான். நகரமே வெற்றி முழக்கத்தில் இருந்தபோது, அதே இலட்சியத்திற்காகச் சிறை கண்டவர் கலக்கமுற்ற பறவைகளைப் பற்றித் தட்டு வெளியிட்டார். அவரது பாடல்களில் முழக்கம் இல்லை. அரசியலைத் துறந்ததன் விளைவாக அன்றி, முழக்கத்தின் விலையை அறிந்ததன் விளைவாகவே இதைக் கொள்ளத் தோன்றுகிறது.

1978இலும் 1979இலும் மேலும் இரண்டு தட்டுகள் வந்தன. மூன்றிலுமாக விரல்விட்டு எண்ணத்தக்க பாடல்களே. கேட்டவர் சிலர், புருவம் உயர்த்தியவர் பலர். 1981இல் குழு கலைந்தது. ரஞ்சன் பெங்களூரு சென்றார். பிஷ்வநாத் அமெரிக்காவில் குடியேறினார். கௌதம் திரைப்படத்தின் பக்கம் திரும்பினார். 1983இல் அவர் இயக்கிய 'நாக்மதி' சிறந்த வங்காளப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது.

தட்டுகள் கடைகளிலிருந்து மறைந்தன, பாடல்கள் மறையவில்லை. அடுத்த தலைமுறை மாணவர்கள் அவற்றை வாய்வழியாகப் பெற்றனர். 1995ஆம் ஆண்டுக் கல்கத்தாப் புத்தகக் கண்காட்சியில் 'ஆபார் பச்சோர் குரி பரே' என்ற ஒலிநாடா வந்தது. மீண்டும் இருபதாண்டு கழித்து என்று பொருள்படும் அத்தொடரும் ஜீவனானந்தரிடமிருந்து பெற்றதே. இம்முறை பாடியோரில் பலர் புதியவர்கள். பாடல்களிலும் சில பிறருடையவை. கௌதம் அதைத் தம் குழுவின் படைப்பு என்று போட்டுக்கொள்ளவில்லை. 'மொஹீனேர் கோராகுலி சம்பாதித' என்றே அட்டையில் அச்சிட்டார். அதாவது, மொஹீனின் குதிரைகள் பதிப்பித்தது. 1999 ஜூனில் அவர் இறக்கும் முன் அதே சொல்லுடன் மேலும் மூன்று ஒலிநாடாக்கள் வந்தன.