இருதயத்தின் மருந்தும் சிறுநீரகத்தின் கணக்கும்



இருதயம் பலவீனப்பட்டோருக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகளைத் தொடங்கியபின் எடுக்கும் முதல் இரத்தப் பரிசோதனையில், கிரியாட்டினின் சற்று உயர்ந்திருப்பதுண்டு. உங்கள் வீட்டிலும் அத்தகைய அறிக்கை ஒன்று இருக்கலாம். இருதயத்தைக் காக்கப்போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டோமோ என்று கலங்கி, எவரையும் கேளாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களை எங்கள் சபையிலேயே கண்டிருக்கிறேன். நானும் அம்மாத்திரையை உட்கொள்கிறவன். 1.1 ஆக இருந்த என் கிரியாட்டினின் இரண்டு வாரத்தில் 1.3 ஆகி, அங்கேயே நின்றது.

நடப்பது இதுவே. சிறுநீரகத்தின் ஒவ்வொரு நுண்வடிகட்டிக்கும் இரத்தம் உட்புக ஒரு குழாயும் வெளியேற ஒரு குழாயும் உண்டு. இருதயம் தளர்ந்து இரத்தவோட்டம் குறையும்போது, ஆஞ்சியோடென்சின் என்னும் பொருள் வெளியேறும் குழாயை இறுக்குகிறது. மதகைச் சற்று அடைத்தால் வாய்க்காலில் மேற்புறத்து நீர்மட்டம் உயர்வதுபோல, வடிகட்டியினுள் அழுத்தம் தாழாமல் நிற்கிறது. ஆனால் அதே பொருள் உடலெங்குமுள்ள இரத்தக்குழாய்களையும் இறுக்கி, ஏற்கெனவே களைத்த இருதயத்தின்மேல் மேலும் பாரம் சுமத்துகிறது. மாத்திரை அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. இருதயத்தின் பாரம் குறைகிறது. வடிகட்டியின் அழுத்தமும் சற்றுத் தாழ்வதால் கிரியாட்டினின் ஏறுகிறது. பெரும்பாலும் இது சிறுநீரகம் அழிவதன் அடையாளமன்று.

பழைய அளவிலிருந்து 30 சதவீதம் வரையிலான உயர்வை மருத்துவர்கள் பொதுவாகப் பொறுத்துக்கொண்டு மருந்தைத் தொடர்கிறார்கள். அதற்கு மேல் ஏறினாலோ பொட்டாசியம் மிகுந்தாலோ, அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்று தீர்மானிப்பது அவர்கள் பொறுப்பு, நம்முடையதன்று.

வேதத்தில் இருதயத்தோடு இணைத்துச் சொல்லப்படும் 'உள்ளிந்திரியங்கள்' என்னும் சொல்லுக்கு எபிரெய மூலத்தில் சிறுநீரகங்கள் என்றே பொருள். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசைகிறது என்பதை இம்மாத்திரை எனக்கு நாள்தோறும் நினைப்பூட்டுகிறது.

அச்சத்தால் மருந்தைக் கைவிடுகிறவர் இழப்பது சிறிதன்று. பின்லாந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் இருதயம் மிகவும் தளர்ந்த 253 பேரிடம் நடந்து 1987-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்திற்குள் மரித்தோர் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 44 சதவீதம். எனலாப்ரில் பெற்றவர்களில் 26 சதவீதம்.

எனினும் சிறுநீரகத்தை மெய்யாகவே வருத்தக்கூடியவை வேறு உண்டு. மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாத்திரைகள் உட்புகும் குழாயைச் சுருக்குகின்றன. இரு குழாய்களிலும் ஒருசேரக் கைவைத்தால் வடிகட்டி என்ன செய்யும்? வாந்தியும் பேதியும் கண்டு உடல் வறண்ட நாளில் நீர்மாத்திரையையும் இதையும் வழக்கம்போல் விழுங்காமல், அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். இம்மருந்து பொட்டாசியத்தை உடலில் தேக்குவதால், இளநீரையும் சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவதையும் அவரைக் கேளாமல் சேர்க்கவேண்டாம். அந்த உப்பில் சோடியத்திற்குப் பதிலாக இருப்பது பெரும்பாலும் பொட்டாசியமே.

அறிக்கையோடு மருத்துவரிடம் போகையில், மருந்து தொடங்குமுன் எடுத்த பழைய அறிக்கையையும் மறவாமல் கொண்டுபோங்கள். தனித்த ஓர் எண்ணைவிட, இரண்டிற்கும் இடையிலுள்ள வித்தியாசத்தையே அவர் முதலில் பார்ப்பார்.